அசலில் வரவு வைக்கச் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் கணக்கு டீச்சர். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கூட்டு வட்டி நடத்தியிருக்கிறேன். புதிதாக வீட்டுக்கடன் வாங்கி, இப்போதுதான் தவணை ஆரம்பித்திருக்கிறவர்களிடம் கொஞ்சம் பேச வந்திருக்கிறேன்.

காகிதம், பேனா வேண்டாம். காதில் வாங்கிக்கொண்டால் போதும். 30 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை ஏறக்குறைய 27,000 ரூபாய். முதல் மாதம் கட்டுகிற அந்த 27,000-இல் வட்டிக்கே 22,500 போய்விடுகிறது. அசலில் கழிவது சுமார் 4,500. ஒரு வருடம் விடாமல் கட்டினால் மூன்றேகால் லட்சம் கட்டியிருப்பீர்கள். அசல் குறைந்திருப்பது 56,000 சொச்சம்தான்.

அதனால்தான் கையில் கூடுதலாக வருகிற பணத்தை ஆரம்ப வருடங்களிலேயே அசலில் கட்டச் சொல்கிறேன். போனஸ், சீட்டுப் பணம், எதுவானாலும் சரி. ஆனால் நகைக்கடனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இதைவிட அதிக வட்டியில் இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தையும் தொடாதீர்கள்.

இப்போது என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சற்று முன் சொன்ன கணக்கு எங்கள் கணக்கேதான். முதல் வருட முடிவில் சீட்டு எடுத்து, ஒரு லட்சத்தைக் கொண்டுபோய் வங்கியில் கட்டினேன். கவுண்டரில் இருந்தவர் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் தவணை 900 ரூபாய் சொச்சம் குறைந்து வந்தது. "சிலிண்டர் செலவுக்கு ஆச்சு" என்று வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. எனக்கு மனசு கேட்கவில்லை, ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தவணையைக் குறைத்துக்கொண்டு அதே 20 வருடம் கட்டினால், அந்த ஒரு லட்சத்தால் மிச்சமாகும் வட்டி ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். தவணையைப் பழையபடி வைத்துக்கொண்டு காலத்தைக் குறைத்தால் 19 மாதத் தவணை இல்லாமலே போகிறது. மிச்சமாகும் வட்டி நான்கு லட்சத்துக்கும் மேல்! கட்டிய பணம் அதே ஒரு லட்சம்தான்.

மறுநாளே கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். "தவணை மாற வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று. இரண்டு முறை அலைந்த பிறகுதான் மாற்றிக் கொடுத்தார்கள். அதனால் நீங்கள் கட்டும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பத்து நாள் கழித்து ஸ்டேட்மெண்டை எடுத்து, அசல் குறைந்திருக்கிறதா, மீதி மாதங்கள் குறைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன்: அசல், மீதி மாதங்கள், இரண்டையும் பாருங்கள்.

முன்கூட்டிக் கட்டினால் அபராதம் போடுவார்களே என்று பலர் பயப்படுகிறார்கள். தனிநபர் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனுக்கு வங்கிகள் அப்படி வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

மாறும் வட்டி என்றதும் இன்னொன்று. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டிக்கு ரெப்போ விகிதம் என்று பெயர்; அது ஏறினால் உங்கள் மாறும் வட்டியும் ஏறும். 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த அது 2023 பிப்ரவரிக்குள் ஆறரை ஆனது. பலருக்குத் தவணை மாறவே இல்லை, காலம்தான் சத்தமில்லாமல் நீண்டது. அதற்கப்புறம் 2023 ஆகஸ்டில், வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. உங்களைக் கேட்டார்களா? பாருங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். கடன் முடிவதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முழுதும் கட்டிய 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிவு செய்து, வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள், அடமானம் நீங்கியிருக்க வேண்டும். வணக்கம்.