இறக்கிவிட்டுப் போன படகு

(ராமேஸ்வரத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், பள்ளிக்கூடம் விட்டு நேராக இங்கே வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மரூன் என்றதும் உங்களில் பாதிப் பேருக்குச் சேலைதான் நினைவுக்கு வரும். ஜவுளிக்கடையில் 'மெரூன் கலர்ல காட்டுங்க' என்கிறோமே, அதுதான். அந்த நிறப்பெயர் செஸ்ட்நட் என்ற கொட்டையின் பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்தது. நான் பேச வந்தது வேறொரு மரூன். எழுத்தும் ஒலியும் அதேதான், ஆனால் பிறப்பு வேறு. இது வினைச்சொல். ஒருவரைத் தப்பிப் போக வழியில்லாத இடத்தில், அதுவும் பெரும்பாலும் ஆளில்லாத தீவில், இறக்கிவிட்டுப் போய்விடுவது என்று பொருள்.

இதன் வேர் 'சிமரோன்' என்ற ஸ்பானியச் சொல். கரீபியன் கடலில் இஸ்பானியோலா என்றொரு தீவு. ஸ்பானியர்கள் அங்கே கொண்டுபோன மாடுகளில் சில மலைக்காட்டுக்குள் ஓடி, காட்டு மாடாகவே மாறிவிட்டன. அவற்றைச் சிமரோன் என்றார்கள். அப்புறம் அடிமைப்படுத்தப்பட்ட பூர்வகுடிகள் ஓடினார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் ஓடினார்கள். கட்டறுத்த மாட்டுக்கு வைத்த பெயரையே அந்த மனிதர்களுக்கும் வைத்தார்கள். அது பிரெஞ்சு வழியாக வந்து ஆங்கிலத்தில் மரூன் ஆனது.

ஜமைக்காவை 1655இல் ஆங்கிலேயர்கள் ஸ்பானியரிடமிருந்து பிடித்தார்கள். மலைக்குள் போன மரூன்களை மட்டும் அவர்களால் பிடிக்க முடியவில்லை. பல ஆண்டுச் சண்டைக்குப் பிறகு, 1739இல் மரூன்களின் தலைவர் கட்ஜோவோடு ஆங்கிலேயர்களே உடன்படிக்கை செய்து, அவர்களுடைய விடுதலையையும் நிலத்தையும் ஒப்புக்கொண்டார்கள். இனி ஓடிவருகிறவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றும் அதே உடன்படிக்கையில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதை முதலில் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மரூன்களை வழிநடத்திய நானி என்ற பெண் இன்று ஜமைக்காவின் தேசிய வீரர்களில் ஒருவர். அந்த நாட்டின் 500 டாலர் நோட்டில் இருப்பது அவருடைய முகம்.

சரி, ஓடிப்போனவருக்கு வைத்த பெயர், விட்டுவிட்டுப் போவதற்கான வினையாக எப்படி மாறியது? காட்டில் தனியே கிடப்பது என்ற பொருள் முதலில் ஒட்டிக்கொண்டது. அதைக் கடற்கொள்ளையர்கள் தண்டனையாக்கினார்கள். ஜான் பிலிப்ஸ் என்ற கொள்ளையனின் கப்பல் விதிகள் 1724இல் அச்சில் வந்தன. கூட்டத்தை விட்டு ஓடப் பார்ப்பவனுக்கு ஒரு புட்டி வெடிமருந்து, ஒரு புட்டித் தண்ணீர், ஒரு சிறு துப்பாக்கி, குண்டு. இவ்வளவையும் கையில் கொடுத்து மரூன் செய்ய வேண்டும் என்கிறது ஒரு விதி. ஒரு புட்டித் தண்ணீர்! கடலுக்குப் போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நம் வெயிலில் அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அலெக்சாண்டர் செல்கர்க் என்ற மாலுமியின் கதை கொஞ்சம் வேறு மாதிரி. கப்பல் பழுதாக இருக்கிறது, இதில் வரமாட்டேன் என்று சண்டை போட்டு, 1704இல் சிலி நாட்டுக்கு அப்பால் ஒரு தீவில் தானே இறங்கினார். இறங்கியதும் மனம் மாறியது. தலைவன் திரும்ப ஏற்றிக்கொள்ளவில்லை. 1709 பிப்ரவரியில் வேறொரு கப்பல் வந்து ஏற்றும்வரை நான்கு வருடம் நான்கு மாதம் தனியாகவே இருந்தார்.

இதற்குப் பக்கத்து வீட்டுச் சொல் ஸ்ட்ராண்டட். ஸ்ட்ராண்ட் என்றால் கரை. கப்பல் கரைமணலில் ஏறி நின்றுபோவது. நம் ஆட்கள் 'தரை தட்டிருச்சு' என்கிறார்களே, அதேதான். அதில் யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை. மரூனில் மட்டும் விட்டுவிட்டுப் போகிற ஒரு ஆள் உண்டு. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு நேரம் பேசுகிறேன்.

தமிழில் ஒரே சொல்லாக இதற்குக் கிடைக்கவில்லை. 'நட்டாற்றில் விட்டான்' மிக அருகில் வருகிறது. அதிலும் விட்டவன் இருக்கிறான். 'அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டான்' என்பதில் கோபமும் சேர்ந்துகொள்கிறது. இன்னொன்று நம் மாவட்டத்தையே சுட்டுகிறது: 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்.' தண்டனையாக ஒருவரை ஓரிடத்தில் கொண்டுபோய்ப் போடுவது. பிலிப்ஸின் விதியும் அதைத்தானே சொல்கிறது? போடப்படுகிற இடத்திலும் காலங்காலமாக மக்கள் வாழ்கிறார்கள் என்பதை அந்த வசனம் மறந்துவிடுகிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

இப்போது ஆங்கிலப் பத்திரிகைகள் வெள்ளம் சூழ்ந்த ஊரையெல்லாம் மரூன்டு என்று எழுதுகின்றன. தவறில்லை, வழக்கு விரிந்துவிட்டது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. பாம்பன் பாலமும் சிதைந்தது. சாலைப் பாலம் 1988இல்தான் வந்தது என்பதால், அன்று ரயில் பாலம் ஒன்றுதான் வழி. அதை 46 நாளில் சீர்செய்தார்கள். அந்த நாட்களைப் பற்றி எங்கள் அம்மா 'அத்துப்போய்க் கிடந்தோம்' என்றுதான் சொல்வார். விட்டுப் போனது யார் என்று அதில் இல்லை. புயலுக்கு அந்தச் சொல் போதும்.

2022 மார்ச்சுக்குப் போதாது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் தப்பி வந்த தமிழர்களைப் படகில் ஏற்றிவந்து, அரிச்சல்முனைக்கு அப்பால் நான்காம் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிட்டது. கைக்குழந்தையோடு ஆறு பேர். கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்டில் போய் அழைத்து வந்தது. 'மணல்திட்டில் தவித்த ஆறு பேர் மீட்பு' என்று செய்தி எழுதலாம், பொய்யில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் படகு இல்லை.

செய்தி எழுதப் போகிற பிள்ளைகள் இங்கே இருந்தால் ஒன்று கேட்கிறேன். 'மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போகப்பட்ட ஆறு பேர்' என்று எழுதிப் பாருங்கள். நீளம்தான், கொஞ்சம் முரடாகவும் இருக்கிறது. ஆனால் படித்ததும், யார் இறக்கிவிட்டது என்று ஒருவராவது கேட்பார்.