குற்றவாளி என்னும் சொல்

அன்பான நேயர்களே, வணக்கம்.

வைகாசி பிறந்தால் இலங்கையின் கிழக்கே தம்பிலுவிலிலும் காரைதீவிலும் கண்ணகை அம்மன் சடங்கில் வழக்குரை பாடுகிறார்கள். விசாரணையே இல்லாமல், கள்வன் என்ற ஒரு சொல்லை வைத்துக் கொல்லப்பட்ட கணவனுக்காக ஒரு பெண் அரசவையில் ஏறி நியாயம் கேட்ட கதை அது. உண்மை தெரிந்ததும் சிலப்பதிகாரப் பாண்டியன் அதே சொல்லைத் தன்மேல் போட்டுக்கொண்டான்: 'யானே கள்வன்.'

நீதிமன்றத்தில் நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். ஒருவரை எந்தப் பெயரால் அழைக்கிறோம் என்பது அங்கே சின்ன விடயம் அல்ல. பொலிஸார் பிடித்துவந்தவர் சந்தேகநபர். வழக்கு நடக்கும்போது அவர் எதிரி. ஒரு தாய் என் கையைப் பிடித்து, "என் மகன் யாருக்கும் எதிரி இல்லை ஐயா" என்று அழுதார். எதிர்த்தரப்பில் நிற்பவர் என்பதுதான் அங்கே அதன் பொருள், பகைவன் என்பதல்ல என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மனம் ஆறவில்லை. குற்றவாளி என்பதோ தீர்ப்புக்குப் பிறகு மட்டுமே வர வேண்டிய சொல். குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் சுற்றவாளியே, அதாவது குற்றமற்றவரே, என்று இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை சொல்கிறது. அப்படியிருக்க, கைதான மறுநாளே ஒருவரைக் குற்றவாளி என்று அச்சிடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

சொல்லைப் பிரித்துப் பாருங்கள். குற்றம், குறை என்ற சொல்லின் இனம். மணியில் உள்ள மாசும் குற்றம், பாட்டில் உள்ள பிழையும் குற்றம். சட்டம் இந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளுமுன்பே அது குறைபாட்டைத்தான் குறித்தது, ஆளை அல்ல. அதனோடு 'ஆளி' சேர்ந்தபோதுதான் மனிதர் உள்ளே வந்தார். ஆளி என்றால் உடையவர். கடனாளி, நோயாளி, விருந்தாளி எல்லாம் அந்த வழியில் வந்தவை.

இந்தப் பெயர்கள் எவையும் ஆயுளுக்கும் ஒட்டுபவை அல்ல. கடனை அடைத்தவரைக் கடனாளி என்பதில்லை. காய்ச்சல் விட்டவர் நோயாளி அல்லர். விருந்தாளி மாலையில் வீடு திரும்பிவிடுகிறார். குற்றவாளிக்கு மட்டும் இந்த இலக்கணத்தை நாம் மறுத்துவிட்டோம். தண்டனையை முழுதாக அனுபவித்து, மறியலிலிருந்து வந்து, பல வருடங்களாக வயல் செய்து வாழும் ஒருவரை எனக்குத் தெரியும். போன கிழமை சந்தையில் அவருடைய பேரனைச் சுட்டிக்காட்டி, "அந்தக் குற்றவாளியின் பேரன்" என்று ஒருவர் சொன்னார். பையனுக்கு ஏழு வயது. அவன் திரும்பிப் பார்த்தான்.

வணக்கம்.