“இறங்கிடுச்சா வாத்தியாரே?”

(மே 30, எம்.எஸ். என்ற நரம்பு நோய்க்கான உலக தினத்தன்று வேலூரில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் வேலையில் பாதியைக் குறைத்துக் கொடுத்த நரம்பியல் மருத்துவர் அம்மா அவர்களே, மாமன்ற உறுப்பினர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த அரிசி மண்டி அண்ணன் அவர்களே, நாற்காலி போட்ட தம்பிகளே, மோர் கரைத்த மகளிர் குழுச் சகோதரிகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள். போன வருடம் ஒருவரை விட்டுவிட்டேன், அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. ராணிப்பேட்டையிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் வந்தவர்களுக்குத் தனி வணக்கம் கிடையாது. வட ஆற்காடு என்று சொல்லிப் பழகிய வாய் இது. 1989-ல் பிரித்தார்கள், 2019-ல் மறுபடி மூன்றாக்கினார்கள், எனக்கு நீங்கள் எல்லாரும் உள்ளூர்தான்.

பொன்னாடை போர்த்திய மாமன்ற உறுப்பினருக்கு நன்றி. கத்திரி முடிந்துவிட்டது என்று பஞ்சாங்கம் சொல்கிறது, என் முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் ஈரத் துண்டு போர்த்துங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, காரணம் பின்னால் வரும்.

நம் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981-ல் ஜலகண்டேசுவரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார், ஒன்று தீர்ந்தது. ராஜா இனி வேண்டாம். பாலாறு எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. மரம்தான் பாக்கி. அதனால்தான் எந்த மேடை ஏறினாலும் நான் ஒரே பழமொழியில் போய் நிற்கிறேன்: நிழலின் அருமை வெயிலில் தெரியும். இப்போதே கைதட்டிவிடாதீர்கள், இன்னும் சில முறை வரும்.

எம்.எஸ். உள்ளவர்களைப் பார்த்துக்கொள்வது பற்றி நான்கு விஷயம் சொல்ல வந்தேன். மருந்து, உடற்பயிற்சியும் யோகாவும், சாப்பாடு, மனசு. வரிசையாக வருகிறேன்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பதுதான் எம்.எஸ். அரசுத் தாள்களில் தண்டுவட மரப்பு நோய் என்று இருக்கும். பெயரில் தண்டுவடம் மட்டும் இருந்தாலும் மூளையையும் கண் நரம்பையும் அது விடுவதில்லை. நரம்பின் மேல் மயலின் என்ற உறை இருக்கிறது. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே அந்த உறையை அரித்துவிடுகிறது. பாரிசில் ஷார்கோ என்ற மருத்துவர் 1868-லேயே இதைத் தனி நோயாக விவரித்தார். பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவே, சம்பாதிக்கிற வயதில், பிள்ளை பெறுகிற வயதில் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஒரு நாள் ஒரு கண் மங்கும், சில வாரத்தில் தெளியும். ஆறு மாதம் கழித்துக் கால் மரத்துப்போகும். வீட்டில் திருஷ்டி கழிப்பார்கள். தானாகத் தெளிவதால் கழித்தது பலித்த மாதிரியே இருக்கும், அதுதான் வம்பு.

மருந்தை மருத்துவர் அம்மா விளக்கிவிட்டார். 1993-ல் அமெரிக்காவில் இன்டர்ஃபெரானுக்கு அனுமதி கிடைக்கும்வரை, இந்த நோயின் போக்கையே மாற்றுகிற மருந்து என்று ஒன்று அங்கீகாரம் பெற்றதில்லை. இன்று ஊசி, மாத்திரை, டிரிப் என்று பல இருக்கின்றன. அடியோடு குணமாக்காது, ஆனால் திரும்பத் திரும்ப வரும் தாக்குதலைக் குறைக்கும். நான் சேர்ப்பது ஒன்றுதான். எண்ணெய், லேகியம், யோகா போன்ற துணை வைத்தியம் என்றால் மருந்துக்குத் துணையாக வருவது. மாப்பிள்ளைத் தோழன் தாலி கட்டக் கூடாது. ஊசியை நிறுத்திவிட்டு எண்ணெய்க்குப் போனவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கலாம், பெயர் கேட்க மாட்டேன். எங்கள் மாமாவுக்கு ஒருவர் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் லேகியம் ஒரு டப்பா கொண்டுவந்தார். “ஐயா, அது தறிகெட்டுப் போய்த்தானே இவ்வளவு பாடு, அதை இன்னும் கூட்டவா?” என்று கேட்டேன். டப்பாவை விட்டுவிட்டுப் போய்விட்டார். எறும்பு தின்றது.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். குடியாத்தம் பக்கம் தமிழாசிரியர். நான்கு வருடத்துக்கு முன் ஒரு மே மாதம், மதியம் ஒரு மணிக்கு வேலூர் வர பஸ் ஏறப் போனார். எந்த நிறுத்தம் என்று சொல்ல மாட்டேன். அங்கே ஒரு இரும்புக் கம்பம் உண்டு, அதன் நிழலில் ஒரு ஆள் நிற்கலாம், ஒல்லியாக இருந்தால். முக்கால் மணி நேரம் நின்றார். பஸ் வந்தபோது கால் பின்னியது, பேச்சு குழறியது, பார்வை மங்கி ஊர்ப் பலகை தெரியவில்லை. படியில் கால் வைக்கப் போய் ஒரு அம்மாவின் கத்திரிக்காய்ப் பையில் வைத்துவிட்டார். நல்ல இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய். அந்த அம்மா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது. கண்டக்டர் இறங்கி வந்து முகத்தைப் பார்த்தார். “பகல்லயேவா? ஓரமா போய் உக்காரு பெருசு” என்று விசிலை ஊதிவிட்டார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷன். கள்ளுண்ணாமை அதிகாரத்தை முப்பது வருடம் மனப்பாடம் செய்ய வைத்தவர்.

எதிரே சோடாக் கடைக்காரர் ஒருவர்தான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் புங்க மர நிழலில் உட்காரவைத்தார். ஐஸ் பெட்டித் தண்ணீரில் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டார். அவர் நினைத்ததும் அதையேதான், போதை தெளியட்டும் என்று. அரை மணி நேரம் போனது. மாமா எழுந்தார், வேட்டியைச் சரிசெய்தார், நேராக நடந்தார். அதற்குள் அதே பஸ் திரும்பி வந்துவிட்டது, அதே கண்டக்டர். மாமா நிமிர்ந்து படியேறுவதைப் பார்த்துக் கேட்டாராம்: “என்ன வாத்தியாரே, இறங்கிடுச்சா?”

மாமா சொன்ன பதில்: “இறங்கிடுச்சுப்பா. சூடு.”

சிரித்தாயிற்று அல்லவா? அந்தப் பஸ்ஸில் அவர் அழுதுகொண்டே வந்தார் என்று அக்கா பிறகு சொன்னாள்.

நடந்தது இதுதான். உறை போன நரம்பில் செய்தி தட்டுத் தடுமாறித்தான் போகும். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே அதுவும் நின்றுவிடலாம். உடம்பு குளிர்ந்தால் செய்தி மறுபடி ஓடும். 1890-ல் ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், உடம்பை வருத்தினால் பார்வை சற்று நேரம் மங்குவதைக் கவனித்து எழுதினார், சூடுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் சந்தேகப்பட்டவர்களை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்த்தே கண்டுபிடிப்பார்களாம். அவர்களுக்குத் தொட்டி வேண்டியிருந்தது, நமக்கு மே மாதம் போதும். ஒரு எச்சரிக்கை: குளிர்ந்த பிறகும் சரியாகாமல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் அது சூடு மட்டும் இல்லை, புதுத் தாக்குதலாக இருக்கலாம், காய்ச்சலோ நீர்க்கடுப்போ உள்ளே இருக்கலாம், மருத்துவரிடம் போக வேண்டும். ஆவிக் குளியல் வேண்டவே வேண்டாம். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சொன்னவன் நரம்பியல் படித்திருக்கவில்லை.

யோகா. 2004-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில் எம்.எஸ். உள்ள 69 பேரை ஆறு மாதம் பார்த்தார்கள். யோகா செய்தவர்களுக்கும் சைக்கிள் மிதித்தவர்களுக்கும் சோர்வு குறைந்தது, சும்மா இருந்தவர்களுக்குக் குறையவில்லை. யோகா சைக்கிளை ஜெயித்ததா என்றால் இல்லை, இரண்டும் சமம். யோகா ஆசிரியர் முறைக்கிறார், ஆனால் உண்மை அது. அதிகாலையில், விசிறிக்குக் கீழே, சுவரைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

அடுத்துக் கேட்கப்போவதை வேலூரில் கேட்க எனக்குக் கூச்சம்தான். டாக்டர் மேரி வர்கீஸ் வாழ்ந்த ஊர் இது. 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வரக் காரணமாக இருந்தார். நாட்டின் எந்த மூலையிலிருந்தும் நடக்க முடியாதவர்கள் நம் ஊருக்கு வருகிறார்கள். சரி, பஸ்ஸுக்கு அவர்கள் எங்கே நிற்பது?

கேட்க வந்ததே இதுதான். காட்பாடியிலிருந்து பாகாயம்வரை டவுன் பஸ் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் கூரை, முதுகு சாய்க்க ஒரு பெஞ்சு, பக்கத்தில் பூட்டாத கழிப்பறை. கழிப்பறையை வாய் தவறிச் சொல்லவில்லை. எம்.எஸ். வந்தவர்கள் பலருக்குச் சிறுநீரை அடக்க முடியாது. பெண்கள் வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. குடிக்காவிட்டால் வெயில் இன்னும் தாக்கும், நீர்க்கடுப்பு வரும், காய்ச்சல் வரும், காய்ச்சலில் கால் விழும். லட்ச ரூபாய் மருந்து கொடுத்துவிட்டு ஒரு கழிப்பறையில் தோற்கிறோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதிலுள்ள 21 வகைகளில் எம்.எஸ்.ஸும் இருக்கிறது. அட்டை வாங்கச் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்துக்கு வெயிலில்தான் போக வேண்டும். நிழலின் அருமை... நீங்களே முடித்துவிட்டீர்கள், நன்றி.

தலைவர் ஐயா சீட்டு அனுப்பிவிட்டார். சாப்பாட்டைப் பற்றி ஒரே வார்த்தை: எம்.எஸ்.ஸைக் குணமாக்கும் பத்தியம் எதுவும் கிடையாது, பீடி சிகரெட்டை விடுங்கள். மனசைப் பற்றி அடுத்த வருடம்.

மனு வாசலில், மோர்ப் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு மோர் குடியுங்கள், மாற்றிச் செய்தால் மறந்துவிடுவீர்கள். மாமன்ற உறுப்பினர் முதல் கையெழுத்துப் போடுவதாக மேடையிலேயே தலையாட்டினார், நான் பார்த்தேன். நாற்காலி அடுக்கும் தம்பிகளுக்கு ஒன்று: மூன்றாவது வரிசை ஓரத்தில், துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான் எங்கள் மாமா. அவர் தலைக்கு மேலே ஓடும் விசிறியைக் கடைசியாக அணையுங்கள்.