புக்கெட்டில் ஒரு பகல்: கப்பலை விட்டு இறங்குமுன்

வணக்கம் நேயர்களே. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்குகிறது. தாய்லாந்தின் புக்கெட் தீவு வழியாகப் போகும் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்துவிட்ட வீடுகளில், "புக்கெட்டில் கப்பல் நிற்கும் அன்று நாமே சுற்றிப் பார்க்கலாமா, இல்லை கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலாவையே வாங்கிவிடலாமா" என்ற பேச்சு இந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும். பயணக் குழுக்களை அழைத்துப் போகும் தொழிலில் இருப்பவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் ஓயாமல் வரும். என் பதில் இதுதான்: தாராளமாக நீங்களே பார்க்கலாம், புக்கெட் தீவை விட்டு வெளியே போகாத வரை.

அதற்குக் காரணம் சொல்கிறேன். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல் வழியில் பினாங்கில் நின்றால் அங்கே யாருக்கும் பெரிய குழப்பம் வராது. கப்பல் ஜார்ஜ்டவுன் துறைமுக மேடையிலேயே வந்து அணையும். இறங்கி நடந்தால் ஊர். தமிழில் கேட்டாலும் வழி சொல்ல ஆள் உண்டு. புக்கெட்டில் இரண்டு விதமாக நடக்கும். தீவின் தென்கிழக்கில் ஆ மக்காம் என்ற இடத்தில் ஆழ்கடல் துறைமுகம் இருக்கிறது; சில கப்பல்கள் அங்கே அணையும். மற்றவை மேற்குக் கரையில், பாத்தோங் கடற்கரைக்கு எதிரே கடலிலேயே நங்கூரம் போட்டுவிடும். அங்கிருந்து சிறிய டெண்டர் படகுகளில் உங்களைக் கரைக்குக் கொண்டு வருவார்கள். உங்கள் கப்பல் எங்கே நிற்கப் போகிறது என்று புறப்படும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று தீவின் கிழக்கே, மற்றொன்று மேற்கே, நடுவில் மலை. வேன் ஓட்டுநரைப் பாத்தோங்கில் காத்திருக்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஆ மக்காமில் இறங்கினால் காலைப்பொழுது அங்கேயே போய்விடும்.

டெண்டர் படகு என்றால் நேரக் கணக்கே மாறிவிடும். அட்டவணையில் காலை 9 முதல் மாலை 6 வரை என்று போட்டிருக்கும். ஒன்பது மணி நேரம் கையில் இருப்பதாக நினைத்துத் திட்டம் போடுவோம். ஆனால் கப்பல் நின்றதும் அதிகாரிகள் அனுமதி கொடுக்க வேண்டும். பிறகு கப்பலின் சொந்தச் சுற்றுலா வாங்கியவர்களை முதலில் இறக்குவார்கள். நமக்கு எண் சீட்டு கொடுத்து உட்கார வைப்பார்கள். கரையில் கால் வைக்கும்போது பத்தரை ஆகியிருக்கலாம். திரும்பும்போது கடைசிப் படகு, கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிடும். அந்தக் கடைசிப் படகுக்குக் கரையில் வரிசை நீளும், அதுவும் வெயிலில். கழித்துப் பார்த்தால் ஆறு மணி நேரம் மிஞ்சினால் பெரிது. அந்த ஆறு மணி நேரத்துக்குத் திட்டம் போடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து கடிகாரத்தில் இருக்கிறது. சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் ஒரே நேரம். தாய்லாந்து நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். சில கப்பல்கள் புக்கெட்டுக்கு வரும்போது தங்கள் கடிகாரத்தை மாற்றிக்கொள்ளும். சில சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். உங்கள் கைத்தொலைபேசி யாரையும் கேட்காமல் கரை இறங்கியதும் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கடைசிப் படகு கப்பல் நேரப்படி மாலை 5 என்றால், தொலைபேசி அப்போது 4 என்று காட்டும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று இளநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள், படகு போய்விட்டிருக்கும். அதனால் முந்தைய நாள் இரவு அறைக்கு வரும் கப்பலின் நிகழ்ச்சித் தாளில் எந்த நேரம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, கப்பல் நேரம் வைத்த ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். குடும்பத்தில் ஒருவர் கையில் இருந்தால் போதும்.

சரி, எங்கே போவது? நான் அனுப்பும் குடும்பங்களுக்குச் சொல்வது, தூரத்தை முதலில் முடியுங்கள், கரைக்குப் பக்கத்தில் இருப்பதைக் கடைசிக்கு வையுங்கள் என்று. பாத்தோங்கில் இறங்கியதும் கடற்கரை கண்ணைப் பறிக்கும். பிள்ளைகள் அப்போதே தண்ணீரில் இறங்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். பாத்தோங்கிலிருந்து மற்ற பக்கம் போக மலையேறி இறங்கும் செங்குத்தான சாலை ஒன்று இருக்கிறது. பிற்பகலில் அதில் நெரிசல் பிடித்தால் நகராது. காலையில் மலையைத் தாண்டிப் போய், மதியம் இரண்டு மணிக்குள் பாத்தோங்குக்குத் திரும்பி, மீதி நேரத்தைக் கடற்கரையில் கழித்தால் படகுத்துறை கண்ணெதிரே இருக்கும். மனம் நிம்மதியாக இருக்கும்.

மலைக்கு அந்தப்பக்கம் எனக்குப் பிடித்த இடம் பழைய புக்கெட் நகரம். பாத்தோங்கிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். ஈயச் சுரங்கங்கள் செழித்த காலத்தில் ஹொக்கியன் சீனர்கள் கட்டிய கடைவீடுகள் தலாங் சாலையிலும் ரொமானி சந்திலும் வரிசையாக நிற்கின்றன. சிங்கப்பூரில் தேக்கா பக்கம் நடந்து பழகிய நமக்கு, கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் அந்த அஞ்சடி நடைபாதைகளைப் பார்த்ததும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தது போல இருக்கும். கிராபி சாலையில் பழைய சீனப் பள்ளிக் கட்டடம் ஒன்று தாய் ஹுவா அருங்காட்சியகமாக இருக்கிறது. சீனர்கள் எப்படி வந்தார்கள், எப்படி ஈயம் தோண்டினார்கள் என்பதெல்லாம் அங்கே உண்டு. வெயிலுக்கு ஒதுங்கவும் நல்ல இடம்.

நகரத்துக்குத் தெற்கே வாட் சலோங் கோயில். 1876இல் ஈயச் சுரங்கச் சீனத் தொழிலாளர்கள் கலகம் செய்தபோது ஊர்மக்களுக்கு அடைக்கலம் தந்த லுவாங் போ சேம் என்ற துறவியை அங்கே இன்றும் வணங்குகிறார்கள். நேர்த்திக்கடன் நிறைவேறியவர்கள் பட்டாசு கொளுத்துவார்கள். சின்னக் குழந்தைகள் திடுக்கிட்டு அழும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். கடற்கரை உடையோடு கிளம்பாதீர்கள். மலைமேல் 45 மீட்டர் உயரப் பெரிய புத்தர் சிலையையும் பலர் கேட்பார்கள். 2024 ஆகஸ்டில் அந்த மலைப்பகுதியில் நிலச்சரிவு ஏற்பட்டு உயிர்கள் போயின. அதன் பிறகு அந்த இடத்தை மூடினார்கள். போகும் வாரத்தில் நிலவரம் கேட்டுவிட்டுத் திட்டத்தில் சேருங்கள். நகரமும் வாட் சலோங்கும் சேர்ந்தால் ஒரு காலைக்குப் போதும். மூன்றாவது இடம் வைத்தால் எதையும் பார்க்காமல் வண்டியில் உட்கார்ந்தே போய்விட்டு வருவீர்கள்.

புக்கெட்டுக்கு வெளியே இருக்கும் பீ பீ தீவுகள், பாங் ஙா விரிகுடா இரண்டும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவை கடல்வழிப் பயணம். உங்கள் டெண்டர் படகிலிருந்து இறங்கி, தீவின் மறுபக்கத் துறைக்கு வண்டியில் போய், விரைவுப் படகு ஏறி, அலை இருந்தால் அது தாமதமாகி, திரும்பவும் அதே வழி. இதில் எங்கே ஒரு கண்ணி அறுந்தாலும் கப்பல் காத்திராது. கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் அதற்கு மட்டும் கப்பல் நிற்கும். ஆகவே அங்கே போகத்தான் வேண்டும் என்றால் கப்பலிடமே காசைக் கொடுங்கள். அதிகமாகத் தருவது அந்தப் பாதுகாப்புக்குத்தான். பீ பீயில் மாயா கடற்கரையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பவளப் பாறைகள் தேறுவதற்காக 2018இல் அதை மூடி 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போதும் ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மூடுகிறார்கள்.

நம்மவர்களில் சிலர் புக்கெட்டுக்கு வடக்கே இருக்கும் தக்குவா பா என்ற ஊருக்குப் போகலாமா என்றும் கேட்பார்கள். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்தது. அவனிநாரணம் என்ற குளத்தையும், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் அது குறிப்பிடுகிறது. கேட்கவே சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர் பாத்தோங்கிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். கல்லும் இப்போது அங்கே இல்லை, நக்கோன் சி தம்மராட் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. விமானத்தில் தனியாக வரும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி விஷயம். புக்கெட்டின் டுக் டுக் மூன்று சக்கர வண்டி கிடையாது. நாலு சக்கரக் குட்டி வேன். மீட்டர் போடமாட்டார்கள், ஏறும் முன் பேச வேண்டும், பேசினாலும் விலை அதிகம்தான். வாடகை வண்டி அழைக்கும் கிராப், போல்ட் செயலிகள் அங்கே வேலை செய்யும். இரண்டு பேர் என்றால் அதுவே போதும். தாத்தா பாட்டியோடு ஆறேழு பேர் போகிறீர்கள் என்றால் ஓட்டுநரோடு ஒரு வேனை முன்பே பேசி வைப்பது மேல். பணத்தைப் பயணம் முடிந்த பிறகு தருவதாகப் பேசுங்கள். கப்பல் அன்றைக்கு வராமல் போனால் கட்டணம் கிடையாது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அலை அதிகமானால் டெண்டர் இறக்காமலே கப்பல் போய்விடுவதும் உண்டு. செலவைக் குறைக்க நினைக்கும் இளைஞர்களுக்கு நீல நிறப் பேருந்து இருக்கிறது, மரப் பலகை இருக்கையோடு. பாத்தோங்குக்கும் நகரத்தில் ரானோங் சாலைச் சந்தைக்கும் பகலில் ஓடும். மெதுவாகத்தான் போகும். போகும்போது அதில் போய்விட்டு, திரும்பும்போது டாக்சி எடுங்கள்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. பாத்தோங்கில் இந்திய உணவகங்கள் தடுக்கி விழுந்தால் இருக்கும். ஹலால் உணவுக்கும் கஷ்டமில்லை, தீவில் முஸ்லிம்கள் நிறைய. தலாங் சாலையில் காலையில் ரொட்டியும் குழம்பும் கிடைக்கும். சைவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். காய்கறி மட்டும் என்று சொல்லி வாங்கினாலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். மஞ்சள் கொடியில் தாய்லாந்து எழுத்தில் சிவப்பாக ஒரு சொல் போட்டிருக்கும் கடைகளைத் தேடுங்கள். 'ஜே' உணவு என்பார்கள். மீன் சாறு, முட்டை எதுவும் சேராது, வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது. ரானோங் சாலையில் சுய் துய் சீனக் கோயிலை ஒட்டி இப்படிப்பட்ட கடைகள் இருக்கின்றன. ஒன்பது நாள் சைவ விழா ஆண்டுதோறும் நடக்கும் ஊர் அல்லவா.

பிற்பகல் கடற்கரைக்கு வந்த பிறகு இரண்டு எச்சரிக்கை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதி. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மேற்குக் கரையில் இழுவை நீரோட்டம் ஆளை உள்ளே கொண்டு போகும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் தண்ணீரில்கூட இறங்க வேண்டாம். இன்னொன்று ஜெட் ஸ்கீ. வாடகைக்கு எடுத்துத் திரும்பக் கொடுக்கும்போது, நீ இடித்த கீறல் என்று பழைய கீறலைக் காட்டிப் பெருந்தொகை கேட்கும் வழக்கம் அங்கே ஊரறிந்த விஷயம். கப்பலுக்கு நேரமாகிறது என்ற பதற்றத்தில் இருப்பவர்தான் அவர்களுக்கு வசதியான ஆள். என் குழுவில் யாரையும் நான் அதில் ஏறவிடுவதில்லை. கடப்பிதழை எதற்கும் யாரிடமும் அடகாகக் கொடுக்காதீர்கள்.

அப்படியும் கப்பலைத் தவறவிட்டால்? கப்பல் கொடுக்கும் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும். இறங்குமுன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் உங்கள் கடப்பிதழை வாங்கி வைத்திருந்தால், பெரும்பாலும் அதை அந்த முகவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் புறப்படும். அவரை அழைத்து, கடப்பிதழை வாங்கி, குடிநுழைவு அலுவல்களை முடித்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போக வேண்டும். அது தீவின் வடக்கே இருக்கிறது, பாத்தோங்கிலிருந்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு, ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். புக்கெட்தான் கடைசி நிறுத்தம் என்றால் கப்பலுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்துவிடுவீர்கள், உங்கள் பெட்டிகள் மட்டும் பின்னால் கடலில் வரும். பயணக் காப்புறுதி எடுத்திருந்தாலும், தாமதமாக வந்ததற்குப் பணம் கிடைக்குமா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். பல காப்புறுதிகளில் கிடைக்காது.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.