ரஸ்டி நெயில்: ரெண்டு பாட்டில், மூணாவது சரக்கு தண்ணி

[காட்சி: அடி கனமான கண்ணாடி டம்ளர். ஒரே ஒரு பெரிய ஐஸ் கட்டி. பொன்னிறத் திரவம் மேலிருந்து இறங்குகிறது.]

ஸ்காட்ச் விஸ்கி, டிராம்பூயி. இந்த ரெண்டையும் ஒரு டம்ளர்ல ஊத்தினா ரஸ்டி நெயில்ங்கற காக்டெயில். கேட்டா இவ்வளவுதானான்னு தோணும். ஆனா பத்து வீட்ல பண்ணினா ஏழு வீட்ல இருமல் மருந்து மாதிரி தித்திப்பா வந்து நிக்கும். ஏன் அப்படி ஆகுது, எப்படிச் சரி பண்றதுங்கறதுதான் இந்த வீடியோ. இது சட்டப்படி குடிக்கிற வயசு வந்தவங்களுக்கு மட்டும்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். லிக்கர் வேற, லிக்யூர் வேற. லிக்கர்னா பொதுவா காய்ச்சி வடிச்ச மதுபானம். லிக்யூர்னா அந்த மதுவோட சர்க்கரையும் மூலிகை, பழம், மசாலான்னு ஏதாவது ஒரு வாசனையும் சேர்த்தது. ஐரோப்பிய விதிப்படி லிக்யூர்னு பேர் போடணும்னா பொதுவா லிட்டருக்குக் குறைஞ்சது 100 கிராம் இனிப்பு இருக்கணும். டிராம்பூயி அந்த வகை. ஸ்காட்ச் விஸ்கியோட ஹீதர் பூவோட தேன், மூலிகை, மசாலா எல்லாம் சேர்ந்தது.

[காட்சி: பாட்டில் லேபிள், நெருக்கமாக. 40 சதவீதம் என்ற எண்ணில் நிற்கிறது.]

இந்த எண்ணைப் பாருங்க, ஆல்கஹால் எவ்வளவுன்னு சொல்றது. 40 சதவீதம். பாட்டில்ல இருக்கிற சாதாரண ஸ்காட்சும் பெரும்பாலும் 40 சதவீதம்தான். நிறைய பேர் தப்பு பண்ற இடம் இதுதான். விஸ்கி காரமா இருக்கு, லிக்யூரை இன்னும் கொஞ்சம் ஊத்தினா இதமாயிடும்னு நினைப்பாங்க. ஆகாது. 40 சதவீதத்துல 40 சதவீதத்தை ஊத்தினா 40 சதவீதம்தான். நாக்குக்கு இனிக்கும், ஆனா சரக்கோட வேகம் ஒரு துளி கூடக் குறையாது. குறைக்கிறது ஐஸ் உருகி வர்ற தண்ணி மட்டும்தான். அதனால இந்தக் காக்டெயில்ல மூணாவது சரக்கு தண்ணின்னு வெச்சுக்குங்க. அதையும் அளந்துதான் சேர்க்கறோம், ஆனா மில்லியில இல்ல, விநாடியில.

[காட்சி: ஸ்கை தீவின் வரைபடம்.]

டிராம்பூயி பத்தி ஒரு கதை ரொம்ப நாளா சுத்துது. பிரிட்டன் அரியணைக்கு உரிமை கோரி 1746ல கல்லோடன் போர்ல தோத்த இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் ஸ்காட்லாந்தோட ஸ்கை தீவுக்குத் தப்பி வந்தார், அடைக்கலம் குடுத்த மெக்கின்னன் வம்சத்துக்காரருக்கு நன்றியா இந்தச் செய்முறையைக் குடுத்துட்டுப் போனார்னு சொல்வாங்க. பாட்டில் விக்கிறதுக்கு ரொம்ப வசதியான கதை. கையில பிடிச்சுக் காட்டக்கூடிய வரலாறு அதுக்கப்புறம்தான் வருது. அதே தீவுல பிராட்ஃபோர்டுங்கற ஊர் ஹோட்டல்ல 19ஆம் நூற்றாண்டோட கடைசியில இதைத் தயாரிச்சாங்க, 1893ல பேரைப் பதிவு பண்ணினாங்க. காக்டெயில் விஷயத்துல, ஸ்காட்சும் டிராம்பூயியும் சேர்ந்த ஒரு கலவை 1937லயே வேற பேர்ல இருந்துச்சு. 1963ல டிராம்பூயி கம்பெனியோட தலைவி ஜீனா மெக்கின்னன் ரஸ்டி நெயில்ங்கற பேரை ஏத்துக்கிட்ட பிறகு அது அப்படியே நிலைச்சிடுச்சு.

சரி, அளவுக்கு வருவோம்.

[காட்சி: இரண்டு டம்ளர்கள் பக்கத்தில் பக்கத்தில்.]

சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தோட அளவு 45 மில்லி ஸ்காட்ச், 25 மில்லி டிராம்பூயி. அந்த அளவுல ஒரு தடவை பண்ணிப் பாருங்க, தப்பில்ல. ஆனா முதல் வாய்ல பிடிக்கிற அந்தத் தித்திப்பு பாதி டம்ளர் தாண்டறதுக்குள்ள திகட்டிடும். நாங்க சொல்றது 45க்கு 15, அதாவது மூணுக்கு ஒண்ணு. இதுல விஸ்கி முன்னாடி நிக்கும், தேனும் மூலிகையும் பின்னாடியே வரும். அதுலயும் இனிப்பு ஜாஸ்தின்னா 10 மில்லிக்கு இறங்குங்க. அதுக்கும் கீழ போனா டிராம்பூயி இருக்கறதே தெரியாது.

அளக்கறதுக்கு பார்ல வெச்சிருக்கிற ஜிக்கர் வேணும்னு இல்ல. 15 மில்லி பிடிக்கிற அளவுக் கரண்டி இருந்தா விஸ்கி மூணு கரண்டி, டிராம்பூயி ஒரு கரண்டி. இல்லைன்னா சிரப் மருந்தோட வர்ற, கோடு போட்ட மூடியை நல்லாக் கழுவி எடுத்துக்குங்க. கண் அளவுல மட்டும் ஊத்தாதீங்க. ரெண்டே சரக்கு இருக்கிற கலவையில 5 மில்லி கூடக்குறைய ஆனாலே நாக்குக்குத் தெரிஞ்சிடும்.

எந்த விஸ்கி? பிளெண்டட் ஸ்காட்ச், அதாவது பல விஸ்கிகளைக் கலந்தது, போதும், அதுவும் லேசாப் புகை வாசனை இருந்தா ரொம்பப் பொருத்தம். ஜானி வாக்கர் பிளாக் லேபிள்ல அந்தப் புகை இருக்கு. தேனுக்கு எதிரா நிக்க ஏதாவது வேணும் இல்லையா, அந்த வேலையை புகை பார்த்துக்கும். ஷெர்ரி பீப்பாயில ஊறின விஸ்கின்னா அதுலயே உலர்திராட்சை மாதிரி ஒரு இனிப்பு வாசனை இருக்கும், அதுமேல தேனும் ஏறினா இனிப்புமேல இனிப்பு. 18 வருஷம் ஊறின விலையுயர்ந்த சிங்கிள் மால்ட்டை (ஒரே ஆலையில மால்ட் பார்லியில மட்டும் செஞ்ச விஸ்கி) இதுல ஊத்தறது வீண். அதைத் தனியாக் குடிங்க. லஃப்ரோய்க் மாதிரி கடுமையான புகை மால்ட் பிடிக்கும்னா 45 மில்லியும் அதுவாவே போடாதீங்க. 30 மில்லி சாதா ஸ்காட்ச், 15 மில்லி புகை மால்ட். இது சும்மா அட்டகாசமா இருக்கும்.

[காட்சி: ஃப்ரீசரைத் திறக்கும் கை. ஐஸ் தட்டு.]

இப்ப ஐஸ். பாதிக் காரியம் இங்கதான் கெட்டுப்போகுது. ஃப்ரீசர்ல மீனோ வெங்காயமோ திறந்து கிடந்தா அந்த வாசனையை ஐஸ் இழுத்து வெச்சிருக்கும். டம்ளர்ல உருகும்போது அப்படியே மேல வரும். அதனால மூடி போட்ட தட்டுல உறைய வைங்க. அடுத்தது அளவு. சின்னக் கட்டிகளா நிறைய போட்டா வெளிப்பரப்பு அதிகம், சீக்கிரம் உருகும், அஞ்சு நிமிஷத்துல சப்புன்னு ஆயிடும். 5 சென்டிமீட்டர் பக்கம் இருக்கிற ஒரே கட்டின்னா உத்தமம். அது இல்லைன்னா தட்டுல வர்ற கட்டி மூணு நாலு போடுங்க, ஆனா ஃப்ரீசர்ல இருந்து அப்பவே எடுத்து, ஈரம் ஒட்டாம. ஏற்கெனவே உருக ஆரம்பிச்சு நசநசன்னு இருக்கிற ஐஸ் கூடவே தண்ணியைக் கொண்டுவந்து கொட்டிடும், உங்க கணக்கு தப்பிடும்.

பெரிய கட்டிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. எடுத்து ஒரு நிமிஷம் வெளிய வைங்க. மேல படிஞ்ச வெள்ளைப் பனி போய் பளபளன்னு ஆனதும் போடுங்க. கடுங்குளிர்ல இருக்கிற கட்டி மேல சட்டுன்னு திரவம் பட்டா சடக்குன்னு விரிசல் விடும், விரிசல் விட்டா வெளிப்பரப்பு கூடிடும்.

கண்ணாடி மாதிரி தெளிவான ஐஸ் வேணுமா? சின்ன ஐஸ் பெட்டியில தண்ணி ஊத்தி, மூடியை எடுத்துட்டு ஃப்ரீசர்ல வைங்க. பக்கமும் அடியும் குளிரைத் தடுக்கறதால மேல இருந்து கீழ நோக்கித்தான் உறையும். காத்தும் தாதும் கீழ தள்ளப்பட்டுப் போகும். முழுசா உறையறதுக்கு முன்னாடி வெளிய எடுத்து அடியில இருக்கிற கலங்கலை வெட்டி எறிஞ்சுடுங்க. அழகுக்குத்தான் இது. ருசியில பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம்.

[காட்சி: ஐஸ் இல்லாத டம்ளர். முதலில் டிராம்பூயி, அதன்மேல் விஸ்கி. பின்னால் ஒரு விளக்கு.]

ஊத்தற வரிசை. டம்ளரை முன்னாடியே பத்து நிமிஷம் ஃப்ரீசர்ல வெச்சு எடுங்க. ஐஸ் போடறதுக்கு முன்னாடி டிராம்பூயி 15 மில்லி, அதுமேல ஸ்காட்ச் 45 மில்லி. இப்ப டம்ளரை வெளிச்சத்துக்கு எதிரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. உள்ள எண்ணெய் இழை மாதிரி நெளிநெளியா ஓடுது பாருங்க. சர்க்கரை இருக்கிறதால டிராம்பூயி கனம், அது அடியில தங்கிக்கிட்டு மேல இருக்கிற விஸ்கியோட சேர மாட்டேங்குது. கரண்டியால நாலஞ்சு சுத்து விடுங்க. அந்த இழை மறையற வரைக்கும். மறைஞ்சா கலந்தாச்சுன்னு அர்த்தம். இதை விட்டுட்டு நேரா ஐஸ் மேல ஊத்தினா குளிர்ல லிக்யூர் இன்னும் கெட்டியாகி அடியிலயே உக்காந்துக்கும். முதல் பாதி வெறும் விஸ்கி, கடைசி வாய் வெறும் பாகு.

இழை போனதும் ஐஸ் போட்டுக் கலக்குங்க. கரண்டியோட முதுகு டம்ளர் சுவத்தை ஒட்டியே சுத்தணும், ஐஸை இடிக்கக் கூடாது. சின்னக் கட்டின்னா 15 விநாடி, பெரிய ஒரே கட்டின்னா 30 விநாடி. இந்த நேரத்துல சுமாரா 15 மில்லி தண்ணி இறங்கும். 60 மில்லி 75 ஆகும், 40 சதவீதம் 32க்கு வந்துடும். நாக்கைச் சுடறது நின்னு வாசனை விரியற இடம் அது.

ஷேக்கர்ல போட்டுக் குலுக்கலாமான்னு கேப்பீங்க. வேண்டாம். பழச்சாறு, க்ரீம், முட்டை இருக்கிறதைத்தான் குலுக்கணும். இதைக் குலுக்கினா காத்துக்குமிழியும் ஐஸ் தூளும் சேர்ந்து கலங்கிப்போய், தண்ணியும் கூடிடும்.

[காட்சி: எலுமிச்சைத் தோல், மிக நெருக்கமாக. பின்புலம் கறுப்பு.]

கடைசி வேலை, ஆனா விட்டுடக் கூடாத வேலை, எலுமிச்சைத் தோல். தடிச்ச தோல் இருக்கிற மஞ்சள் எலுமிச்சையை வெந்நீர்ல தேச்சுக் கழுவுங்க, மேல மெழுகு பூசியிருக்கலாம். காய் சீவற பீலரால 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை எடுங்க. உள்பக்கம் வெள்ளையா தடிப்பா வந்தா அழுத்திச் சீவிட்டீங்க, அந்த வெள்ளைதான் கசப்பு. அதைக் கத்தியால வழிச்சிடுங்க. இப்ப மஞ்சள் பக்கம் டம்ளரைப் பார்க்க, ரெண்டு கையாலயும் பிடிச்சு மடக்குங்க. பாருங்க, புகை மாதிரி பொடிப்பொடியா ஒரு தூவல். அதுதான் தோல்ல இருக்கிற எண்ணெய். அது திரவத்தோட மேற்பரப்புல பரவி, நீங்க வாய் வைக்கறதுக்கு முன்னாடி மூக்குக்குப் போகும். அதே பட்டையை விளிம்புல ஒரு தடவை தேச்சு உள்ள போடுங்க. சாறு மட்டும் பிழியாதீங்க. பிழிஞ்சா அது வேற காக்டெயில்.

குடிக்கும்போது ஊத்தின உடனே ஒரு வாய், மூணு நிமிஷம் விட்டு இன்னொரு வாய். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கும். முதல்ல புகையும் எலுமிச்சையும், அப்புறம் தேன், கடைசியா தொண்டையில மசாலா. சாப்பாட்டுக்கு அப்புறம் குடிக்கிற ரகம் இது, பக்கத்துல டார்க் சாக்லேட்டோ உப்பு போட்ட பருப்போ இருந்தா போதும்.

சரியா வரலைன்னா? இனிப்பு தூக்கலா இருந்தா ஐஸை அள்ளிப் போடாதீங்க, அது தண்ணியான பாகாத்தான் மாறும். விஸ்கி 5 மில்லி சேருங்க, இல்லைன்னா அங்கோஸ்டுரா பிட்டர்ஸ்ங்கற கசப்பு மூலிகைச் சாரம் ரெண்டு சொட்டு. அந்தக் கசப்பு தித்திப்பைப் பிடிச்சு நிறுத்தும். தொண்டையைச் சுட்டா இன்னும் பத்து விநாடி கலக்குங்க. எல்லாம் சரியா இருந்தும் வாசனையே இல்லைன்னா டிராம்பூயி பாட்டில் எப்ப திறந்ததுன்னு பாருங்க. திறந்து ரொம்ப நாள் ஆனா கெட்டுப்போகாது, ஆனா மூலிகை வாசனை மங்கிடும். வெயில் படாத இடத்துல நிமிர்த்தி வைங்க, ஃப்ரிட்ஜ் தேவையில்ல. மூடியைச் சுத்தி சர்க்கரை பூத்து இறுகிட்டா பலமாத் திருகாதீங்க, வெந்நீர்ல நனைச்ச துணியை ரெண்டு நிமிஷம் சுத்தி வைங்க.

டிராம்பூயி கிடைக்கலைன்னு விஸ்கியில தேனை நேரா ஊத்தாதீங்க, குளிர்ல கல்லு மாதிரி அடியில ஒட்டிக்கும். ரெண்டு பங்கு தேனுக்கு ஒரு பங்கு வெந்நீர் விட்டுக் கரைச்சு, ஆறினதும் 10 மில்லி போடலாம். நல்லாத்தான் இருக்கும். ஆனா மூலிகை இல்லாததால அது ரஸ்டி நெயில் ஆகாது. அமரெட்டோங்கற பாதாம் வாசனை லிக்யூர் வீட்ல இருந்தா காட்ஃபாதர்ங்கற காக்டெயில் பண்ணலாம், அதுவும் ஸ்காட்சும் லிக்யூரும்தான். பாதாம் ஒவ்வாமை இருக்கிறவங்க லேபிளைப் படிச்சுட்டு ஊத்துங்க.

இன்னொரு கணக்கு. 45க்கு 15ல ஒரு டம்ளர்ல சுத்தமான ஆல்கஹால் 24 மில்லி, எடையில ஏறத்தாழ 19 கிராம். 10 கிராம் ஆல்கஹாலை ஒரு டிரிங்க்னு கணக்கு வெச்சிருக்கிற நாடுகள் நிறைய, அந்தக் கணக்குல இது கிட்டத்தட்ட ரெண்டு. இனிப்பா, இதமா இறங்கறதால ஒண்ணுன்னுதான் தோணும். வண்டி சாவியை யார்கிட்டயாவது குடுத்துட்டு உக்காருங்க. மருந்து எடுத்துக்கறவங்க டாக்டரைக் கேட்டுக்குங்க.

[காட்சி: மூடி போட்ட பாட்டில். மேலே ஒட்டிய காகிதத்தில் கையெழுத்து.]

நாலஞ்சு பேர் வர்றாங்கன்னா முன்னாடியே கலந்து வெச்சிடலாம். ஆறு டம்ளருக்கு ஸ்காட்ச் 270 மில்லி, டிராம்பூயி 90 மில்லி, குடிக்கிற தண்ணி 60 மில்லி. மொத்தம் 420, அரை லிட்டர் பாட்டில்ல அடங்கிடும். நல்லாக் கவுத்து நிமிர்த்தி, ஃப்ரிட்ஜ்ல நாலு மணி நேரம். தண்ணி ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதால ஒரு பெரிய ஐஸ் மேல 70 மில்லி ஊத்தி அஞ்சு விநாடி சுத்தினாலே போதும். எலுமிச்சைத் தோலை மட்டும் அப்பப்ப சீவுங்க, பாட்டிலுக்குள்ள போட்டு வெச்சா கசப்பு இறங்கிடும். பாட்டில் மேல பேரும் தேதியும் பெரிசா எழுதி ஒட்டிடுங்க. பார்க்கறதுக்கு அப்படியே ஐஸ் டீ நிறம், வீட்ல பிள்ளைங்க இருந்தா கைக்கு எட்டாத மேல் தட்டுல வைங்க.