இடிந்து விழும் பாறை மேல் ஏன் ஊர் கட்டினார்கள்? சிவிட்டா பற்றிய கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. போன வீடியோவில் இத்தாலியின் சிவிட்டா டி பன்யோரேஜோ ஊரைக் காட்டியிருந்தேன். ரோமுக்கு வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் இருக்கிற சின்ன ஊர். அதைப் பார்த்த நேயர் ஒருவர், “சுற்றிலும் பள்ளம், ஓரமெல்லாம் இடிந்து விழுகிறது, போக ஒரு நடைபாலம்தான். இப்படி ஓர் இடத்தில் எந்த தைரியத்தில் ஊர் கட்டினார்கள்?” என்று கேட்டிருக்கிறார்.

கட்டிய காலத்தில் அந்த இடம் இப்படி இல்லை. அதுதான் பதில். சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் எட்ருஸ்கர்கள் அங்கே குடியேறினார்கள். ரோமானியர்கள் தலையெடுப்பதற்கு முன்பே அந்தப் பகுதியில் செழித்திருந்த மக்கள். அவர்கள் பார்த்தது உயரமான, காவலுக்கு வசதியான மேடு. பக்கத்து நிலத்தோடு அது ஒட்டியும் இருந்தது. நாம் இன்று பார்க்கும் தனிப் பாறை, பின்னால் மழையும் ஓடைகளும் செதுக்கியது.

எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதைப் புரிந்துகொண்டால் ஊரே புரிந்துவிடும். பக்கத்தில் போல்சேனா என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. ஒரு காலத்தில் அது எரிமலைப் பகுதி. அங்கிருந்து வந்து படிந்த சாம்பல் இறுகி, டஃப் என்கிற மென்மையான பாறையானது. ஊர் நிற்பது அந்தப் பாறை மேல். அதற்கு அடியில் இருப்பதோ, பழைய கடலடியில் படிந்த களிமண். இரண்டு பக்கமும் ஓடைகள் ஓடுகின்றன. மழையும் ஓடையும் களிமண்ணைக் கரைக்கக் கரைக்க, மேலே இருக்கிற பாறைக்குப் பிடிமானம் போகிறது. செங்குத்தாக விரிசல் விடுகிறது. பிறகு ஒருநாள் பாளம் பாளமாகச் சரிகிறது. ஆற்றங்கரையில் அடிமண் அரித்துப்போனால் மேல்கரை விழும் அல்லவா, அதே கதைதான்.

இதோடு நிலநடுக்கமும் சேர்ந்துகொண்டது. 1695இல் வந்த நிலநடுக்கம் ஊரை உலுக்கிவிட்டது. கத்தோலிக்க ஆயரும் நகர நிர்வாகமும் எதிரே இருக்கிற பன்யோரேஜோ என்ற பக்கத்து ஊருக்கு மாறினார்கள். மக்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பினார்கள். 13ஆம் நூற்றாண்டில் இங்கே பிறந்த கிறிஸ்தவத் துறவி புனித பொனவெந்தூரா சிறுவனாக இருந்த வீடு எங்கே என்று தேடினால், பாறை விளிம்போடு சேர்ந்து அதுவும் எப்போதோ பள்ளத்தில் விழுந்துவிட்டது. அந்த இடத்தில் நிற்கும்போது எனக்கு மனசு கனத்துப்போனது.

ஊர் நுழைவாயிலைக் கட்டாயம் நின்று பாருங்கள். எட்ருஸ்கர் காலத்தில் பாறையைக் குடைந்து போட்ட வழி அது. பின்னால் வந்தவர்கள் அதற்கு மேல் வளைவு கட்டினார்கள்.

அப்புறம், அந்த நடைபாலம் 1965இல் கட்டியது. கான்கிரீட் பாலம், கார் போகாது. ஊரில் நிரந்தரமாக இருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான், வருகிறவர்களோ ஆண்டுக்கு லட்சக்கணக்கில். அதனால் 2013இல் ஒன்றரை யூரோ நுழைவுக் கட்டணம் வைத்தார்கள், பிறகு அதை உயர்த்தினார்கள். அந்தக் காசைக் கொடுக்க யாரும் தயங்கவேண்டாம். முன்பெல்லாம் ஊருக்குச் சாமான் கழுதை மேல்தான் போகும். இப்போது சின்ன மோட்டார் வண்டியில் பாலத்தைக் கடக்கிறது.