ஹைட்ரஜன் குளோரைடு எப்போது அமிலமாகிறது?

[திரையில்: மூடிய இரண்டு வாயு ஜாடிகள். ஒன்றில் உலர்ந்த நீல லிட்மஸ் தாள், மற்றொன்றில் நீரில் நனைத்த நீல லிட்மஸ் தாள்.]

வணக்கம். இந்த இரண்டு ஜாடிகளிலும் இருப்பது ஈரப்பதம் முற்றிலும் நீக்கப்பட்ட ஹைட்ரஜன் குளோரைடு வாயு. நனைந்த தாள் உடனே சிவந்துவிட்டது. உலர்ந்த தாள் இன்னும் நீலமாகவே இருக்கிறது. வாயுவும் ஒன்று, தாளும் ஒன்று, வேறுபாடு நீர் மட்டுமே. அப்படியானால், லிட்மஸ் தாளைச் சிவக்க வைத்தது ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறு அன்று. நீருடன் சேர்ந்தபோது அந்த மூலக்கூறிலிருந்து உருவான வேறொன்று. அது என்ன என்பதை இப்போது பார்ப்போம்.

[திரையில்: ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறு பெரிதாகிறது. பங்கிடப்பட்ட எலக்ட்ரான் இணை குளோரின் பக்கம் சாய்கிறது.]

ஹைட்ரஜனும் குளோரினும் ஆளுக்கு ஓர் எலக்ட்ரானைத் தந்து, அந்த இணையைப் பங்கிட்டுக்கொள்வதால் அமைவது சகப்பிணைப்பு. ஆனால் இந்தப் பங்கீடு சமமானதன்று. பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுக்கும் திறனே எலக்ட்ரான் கவர்தன்மை; அதை அளக்கும் பாலிங் அளவீட்டில் ஹைட்ரஜனின் மதிப்பு 2.20, குளோரினுடையது 3.16, எனவே எலக்ட்ரான் இணை குளோரினை நோக்கி நகர்ந்து, ஹைட்ரஜன் சிறிதளவு நேர்மின் தன்மையையும் குளோரின் சிறிதளவு எதிர்மின் தன்மையையும் பெறுகின்றன. மூலக்கூறு இன்னும் உடையவில்லை, அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்கள், எதுவும் இல்லை. ஆயினும் எந்த இடத்தில் உடையும் என்பது இப்போதே தெரிகிறது.

அவ்வளவு எளிதில் அது உடைந்துவிடாது. ஒரு மோல் ஹைட்ரஜன் குளோரைடைத் தனித்தனி அணுக்களாகப் பிரிக்கவே ஏறத்தாழ 431 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். வாயு நிலையில் அயனிகளாகப் பிரிப்பதற்கு அதைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகமாகத் தேவைப்படும். அறை வெப்பநிலையில், ஒரு குவளை நீரில், அடுப்போ சுடரோ இல்லாமல் இத்தனை ஆற்றல் எங்கிருந்து வருகிறது? இதை மாணவர்கள் கேட்க வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன், ஏனெனில் இதற்கான விடையில்தான் அமிலத்தின் இயல்பே அடங்கியிருக்கிறது.

[திரையில்: நீர் மூலக்கூறின் ஆக்சிஜன், தன் தனித்த எலக்ட்ரான் இணையுடன் ஹைட்ரஜனை நெருங்குகிறது.]

நீரின் ஆக்சிஜனில் பிணைப்பில் ஈடுபடாத இரண்டு எலக்ட்ரான் இணைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றை அது ஹைட்ரஜனுக்கு அளித்து ஈதல் சகப்பிணைப்பை ஏற்படுத்த, ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானைக் குளோரினிடமே விட்டுவிட்டு, வெறும் புரோட்டானாக நீரிடம் சென்று சேர்கிறது. இவ்வாறு, புரோட்டானை ஏற்ற நீர் மூலக்கூறான ஹைட்ரோனியம் அயனியும் குளோரைடு அயனியும் உருவாகின்றன. லிட்மஸ் தாளைச் சிவக்க வைத்தது இந்த ஹைட்ரோனியம் அயனியே. புதிய பிணைப்பு உருவாகும்போதும், எண்ணற்ற நீர் மூலக்கூறுகள் இரு அயனிகளையும் சூழ்ந்துகொள்ளும்போதும் வெளிப்படும் ஆற்றல், பழைய பிணைப்பை உடைக்கத் தேவையான ஆற்றலை ஈடுசெய்வதோடு மிஞ்சவும் செய்கிறது. கரைசல் சூடாவது அதனால்தான்.

இதே வாயுவை டொலுவீன் என்ற கரிமக் கரைப்பானில் கரைத்தால் அக்கரைசல் மின்சாரத்தைக் கடத்தாது. டொலுவீனால் புரோட்டானை இவ்வாறு ஏற்கவோ, அயனிகளைச் சூழ்ந்து நிலைப்படுத்தவோ இயலாது. நீரில் ஹைட்ரஜன் அயனிகளைத் தருவதே அமிலம் என்ற விளக்கத்துக்கு வழிவகுத்தது வேதியியலாளர் அர்ரீனியஸ் 1884-இல் அளித்த ஆய்வேடு. புரோட்டானை வழங்குவது அமிலம், ஏற்பது காரம் என்று 1923-இல் பிரான்ஸ்டெட், லௌரி ஆகிய இருவரும் தனித்தனியே விரிவுபடுத்தினர்.

[திரையில்: சம செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும், இரு சோதனைக் குழாய்களில்.]

எல்லா அமிலங்களும் இவ்வாறு முழுமையாகப் பிரிவதில்லை. நீரில் கரைந்த ஹைட்ரஜன் குளோரைடே ஹைட்ரோகுளோரிக் அமிலம். லிட்டருக்கு 0.1 மோல் செறிவுள்ள அந்த அமிலத்தில் ஏறக்குறைய எல்லா மூலக்கூறுகளும் அயனிகளாகிவிடுகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) அதற்குச் சுமார் 1. அதே செறிவுள்ள அசிட்டிக் அமிலத்தில் ஆயிரம் மூலக்கூறுகளுக்குப் பதின்மூன்று மட்டுமே அயனிகளாக இருக்கின்றன. பிஎச் மதிப்பு சுமார் 2.9. செறிவு வேறு, வலிமை வேறு என்பதை இங்கே உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதேபோல, வலிமை குறைந்த அமிலம் தீங்கற்றது என்றும் எண்ணிவிடக் கூடாது. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் வலிமை குறைந்த வகையைச் சேர்ந்ததே; ஆனால் அது கண்ணாடியை அரிக்கும், தோலை ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பாதிக்கும்.

[திரையில்: இரு குழாய்களிலும் மெக்னீசிய நாடா இடப்படுகிறது. அருகில் வாயுவை அளக்கும் சிரிஞ்சுகள்.]

இரு அமிலங்களிலும் 20 மில்லிலிட்டர் எடுத்து, தேவைக்கு மிகுதியான மெக்னீசியத்தை இடுவோம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நாடாவின் மேல் குமிழிகள் நுரைத்தெழுகின்றன. அசிட்டிக் அமிலத்தில் அவை ஒவ்வொன்றாக, மெதுவாக மேலேறுகின்றன. பொறுமையுடன் காத்திருந்தால் இரண்டு சிரிஞ்சுகளிலும் ஏறத்தாழ 24 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் சேர்ந்திருக்கும். அசிட்டிக் அமிலத்தில் அந்தப் பதின்மூன்று அயனிகள் செலவாகும்தோறும், பிரியாமல் இருந்த மூலக்கூறுகளிலிருந்து வேறு சில பிரிந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருந்தன.